0.1 பிபிஎம்முக்குள்: உலக வலையமைப்பில் சேரும் கரியமில வாயு நிலையத்தை அமைத்து நடத்தும் முறை

கரியமில வாயு அளக்கும் கருவியை வாங்கி மாட்டினால் அன்று மாலையே எண் வந்துவிடும். அந்த எண்ணிலிருந்து ஹவாயின் மௌனா லோவாவில் வந்த எண்ணையோ ஆஸ்திரேலியாவின் கேப் கிரிம்மில் வந்த எண்ணையோ கழித்துப் பார்க்கலாமா என்பதுதான் கேள்வி. கழித்தால் அர்த்தம் வராத எண் உள்ளூர் அறிக்கைக்கு உதவலாம், உலக வலையமைப்புக்கு உதவாது.

2024இல் கரியமில வாயுவின் உலக சராசரி 423.9 பிபிஎம், அதாவது பத்து லட்சம் காற்று மூலக்கூறில் 423.9. அது முந்தைய ஆண்டைவிட 3.5 அதிகம். ஒரு பெருங்காடோ ஒரு நாட்டின் தொழிற்சாலைகளோ தொலைதூர நிலையங்களுக்கிடையே உண்டாக்கும் வித்தியாசம் பல நேரம் ஒரு பிபிஎம்மைக்கூடத் தொடாது. அதனால்தான் உலக வானிலை அமைப்பின் வளிமண்டலக் கண்காணிப்புத் திட்டம் இலக்கை இவ்வளவு இறுக்கமாக வைத்திருக்கிறது. இரண்டு நிலையங்கள் ஒரே காற்றை அளந்தால் வட அரைக்கோளத்தில் 0.1 பிபிஎம்முக்குள்ளும் தென் அரைக்கோளத்தில் 0.05க்குள்ளும் ஒத்துப்போக வேண்டும். மீத்தேனுக்கு 2 பிபிபி (ஒரு பிபிபி என்பது நூறு கோடியில் ஒரு பங்கு), நைட்ரஸ் ஆக்சைடுக்கு 0.1 பிபிபி. நகரம் போல ஏற்ற இறக்கம் மிகுந்த இடங்களுக்குத் தளர்த்திய இலக்கு உண்டு: கரியமில வாயுவுக்கு 0.2 பிபிஎம், மீத்தேனுக்கு 5 பிபிபி.

424இல் 0.1 என்றால் நாலாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல கருவி இருந்தாலும் குழாய், ஈரம், சிலிண்டர், கடிகாரம் என்று ஏதாவது ஒன்று அந்த ஒரு பங்கைத் தின்றுவிடும். கீழே சொல்வது லேசர் வகைக் கருவி வைத்து, நம் ஊர் போன்ற வெப்பமான ஈரக் கடற்கரையில் நடத்தும் நிலையத்துக்கான முறை.

முதலில் சிலிண்டர், பிறகுதான் கருவி

பலர் கருவிக்குப் பணம் ஒதுக்கிவிட்டு, அதைச் சரிபார்க்க மதிப்பு தெரிந்த காற்றை அடைத்த சிலிண்டரைக் கடைசிக்கு விடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான நோவா, கொலராடோ மாநிலம் போல்டரில் நடத்தும் ஆய்வகம்தான் கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு உள்ளிட்டவற்றுக்கு உலகின் மைய அளவுத்திருத்த ஆய்வகம். கரியமில வாயுவுக்கு 1995 வரை அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனம் அந்தப் பொறுப்பில் இருந்தது. போல்டரில் முதன்மைச் சிலிண்டர்களின் காற்றிலிருந்து கரியமில வாயுவை உறையவைத்துப் பிரித்து, கொள்ளளவு தெரிந்த கலத்தில் அதன் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து மதிப்பைத் தீர்மானிக்கிறார்கள். இப்போது நடப்பிலுள்ள அளவுகோலின் பெயர் எக்ஸ்2019. உங்கள் நிலையத்தின் ஒவ்வொரு எண்ணும் இடையில் எத்தனை கை மாறினாலும் அந்தச் சிலிண்டர்கள் வரை போய்ச் சேர வேண்டும்.

உள்ளூர் கேஸ் கம்பெனியின் சான்றிதழோடு வரும் சிலிண்டரை இதற்கு மாற்றாக வைக்க முடியாது, காரணம் இரண்டு. சான்றிதழில் 1 சதவீதத் துல்லியம் என்று போட்டிருந்தால் அது 4 பிபிஎம், அதாவது உங்கள் இலக்கைப் போல 40 மடங்கு. அடுத்தது, அதிலிருப்பது பெரும்பாலும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து செய்த செயற்கைக் காற்று. லேசர் கருவி ஒளி உறிஞ்சும் கோட்டின் வடிவத்தைப் பார்த்து அளக்கிறது. ஆர்கான் இல்லாவிட்டாலோ ஆக்சிஜன் விகிதம் மாறினாலோ அந்தக் கோட்டின் அகலம் மாறி எண் பிசகும். ஆகவே இயற்கைக் காற்று நிரப்பிய சிலிண்டரைத்தான் கேட்க வேண்டும்.

குறைந்தது மூன்று, முடிந்தால் நான்கு சிலிண்டர் வேண்டும். கடற்கரை நிலையத்தில் பகலில் 420 சொச்சம் வரும். இரவில் நிலக்காற்று வீசும்போது 450ஐத் தாண்டும். எனவே 390, 420, 450, 500 என்பது போல அளக்கப்போகும் வரம்பை இருபுறமும் மூடும்படி கேளுங்கள். வரம்புக்கு வெளியே கோட்டை நீட்டிக் கணக்குப் போடுவதில்தான் சத்தமில்லாத பிழைகள் பிறக்கின்றன. இவற்றைத் தவிர மதிப்பு தெரிந்த ஒரு சிலிண்டரை ‘இலக்குச் சிலிண்டர்’ என்று தனியே ஒதுக்குங்கள். அது அளவுத்திருத்தத்தில் கலக்காது, கருவியைச் சோதிக்க மட்டுமே.

சிலிண்டர் வர மாதக்கணக்காகும். சரக்கு ஆவணத்தில் அது அழுத்திய காற்று, யூஎன் 1002, எரியாத வாயு வகுப்பு 2.2 என்று வர வேண்டும். மறு அளவீட்டுக்குத் திரும்ப அனுப்பும் பொருள் என்பதால் இறக்குமதியின்போதே தற்காலிகம் என்று எழுதி வாங்குங்கள். சுங்கத்தில் யாரும் வால்வைத் திறந்துவிடாதபடி பெட்டிமேல் பெரிதாக எழுதிவைப்பதும் நல்லது. கரியமில வாயுவுக்கு உங்கள் மேல்நிலைச் சிலிண்டர்கள், அதாவது போல்டரில் மதிப்பிட்டவை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போல்டர் போய்வர வேண்டும். நான்கையும் ஒரே கப்பலில் ஏற்றாதீர்கள்.

ரெகுலேட்டர் மாட்டும்போது கவனம். போல்டரிலிருந்து வரும் சிலிண்டர்களின் வால்வு சிஜிஏ 590 வகை. அதற்கு இடது மரை. வழக்கமான பக்கம் திருப்பி இறுக்கப் பார்த்தால் மரை போய்விடும். நட்டில் வெட்டுத்தடம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் இடது மரை. ஒரு சிலிண்டருக்கு ஒரு ரெகுலேட்டர், இரண்டு நிலை வகை, மாட்டிய பிறகு கழற்றவே கூடாது. மாட்டியதும் நிரப்பி வெளியேற்றுவதை மூன்று முதல் ஐந்து முறை செய்யுங்கள். பிறகு சிலிண்டர் வால்வை மூடிவைத்து, உயரழுத்த மீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு ஓர் இரவு விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் கசிவு. சிலிண்டர்களைப் படுக்கைவாட்டில் வையுங்கள், ஏசிக் காற்றோ வெயிலோ ஒரு முனையில் மட்டும் படக்கூடாது. வெப்ப வித்தியாசத்தில் வாயுக்கள் உள்ளேயே லேசாகப் பிரியும்.

அழுத்தம் 20 பாருக்கு இறங்கியதும் சிலிண்டருக்கு ஓய்வு கொடுங்கள். உட்சுவரில் ஒட்டியிருந்த கரியமில வாயு, அழுத்தம் குறையக் குறைய விடுபட்டு மதிப்பை ஏற்றிவிடும். ‘இன்னும் கொஞ்சம் இருக்கிறதே’ என்று கடைசிவரை ஓட்டினால் போன மாதத் தரவும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

காற்றை உள்ளே கொண்டுவருவது

கோபுர உச்சியிலிருந்து கருவிவரை உள்ளே அலுமினியப் படலம் கொண்ட சின்ஃப்ளெக்ஸ் வகைக் குழாய் அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடுங்கள். சிலிகான் குழாய் ஓர் அடிகூட வேண்டாம், டெஃப்லானும் தவிர்க்க வேண்டியதே. இரண்டின் சுவரையும் வாயு ஊடுருவும்.

உள்விட்டம் 8 மில்லிமீட்டரில் 60 மீட்டர் குழாய் என்றால் உள்ளே 3 லிட்டர் காற்று இருக்கும். கருவி நிமிடத்துக்கு 0.4 லிட்டர்தான் இழுக்கும் என்றால் உச்சிக் காற்று கருவிக்கு வர ஏழரை நிமிடம். தனியாக ஒரு பம்ப் வைத்து நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுத்து, கருவிக்கு அதிலிருந்து ஒரு கிளை பிரித்தால் 18 விநாடியில் வந்துவிடும். பம்ப் கருவிக்கிளைக்குப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வைத்தால் பம்பின் ரப்பர்த் தகடு கிழியும் நாளில் அறைக்காற்று கலந்துவிடும்.

அறைக்காற்று கலப்பதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி, உங்கள் மூச்சு. வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 40,000 பிபிஎம். பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின்மேலும் ஒரு ஸ்ட்ரா வழியாக ஊதுங்கள். கசிவு இருந்தால் திரையில் எண் துள்ளும். இணைப்புக்கு இணைப்பு ஒரு நிமிடமாவது காத்திருந்து ஊதினால்தான் எது என்று தெரியும். இது உள்ளே அழுத்தம் குறைந்த பகுதிக்கு மட்டும் பொருந்தும். சிலிண்டர் பக்கத்து இணைப்புகளில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கே சோப்பு நீர். மாற்றிச் செய்து இழுவைக் குழாயில் சோப்பு நீரைத் தடவினால், கசியும் இடத்தில் நீர் உள்ளே போய் அதுவே அடுத்த பிரச்சினை ஆகும்.

இனி ஈரம். நம் நாட்டில் மற்ற எல்லாத் தொல்லையும் சேர்ந்தாலும் இதற்கு ஈடில்லை.

எல்லா நிலையங்களும் உலர்ந்த காற்றில் எவ்வளவு என்றுதான் அறிக்கை தருகின்றன. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் நீராவி 3.3 சதவீதத்துக்கும் மேல். அந்த நீராவி அடைத்துக்கொள்ளும் இடத்தால் மட்டும் கரியமில வாயு 14 பிபிஎம் குறைவாகத் தெரியும். லேசர் கருவி நீராவியையும் அளந்து தானே திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் 3 சதவீத ஈரத்தில் அந்தத் திருத்தம் 0.1 பிபிஎம்முக்குள் நிற்கும் என்று கம்பெனி எழுதித் தந்த சமன்பாட்டை மட்டும் நம்பி இருக்க முடியாது.

அதைவிட அவசரமான ஆபத்து ஒன்று உண்டு. மேலே சொன்ன காற்றின் பனிநிலை, அதாவது நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. கருவி அறையில் ஏசியை 22இல் வைத்தால், சுவரைத் தாண்டி உள்ளே வந்த முதல் மீட்டர் குழாயிலேயே நீர் படியும். அது உருண்டு போய்க் கருவியின் கண்ணாடிக் குழியில் விழுந்தால் கருவி கப்பலேற வேண்டியதுதான். குளிர்நாட்டுக் கையேடுகள் இதற்கு ஒரு வரிக்குமேல் ஒதுக்குவதில்லை. செய்ய வேண்டியவை: அறையை 27, 28 டிகிரியில் வையுங்கள். உள்ளே வரும் குழாய்க்கு உறை போடுங்கள். சுவரைத் தாண்டியதும் முதல் பொருளாக 4, 5 டிகிரியில் இயங்கும் குளிர்ப்பொறி இருக்கட்டும். அதுவே நீராவியை 0.9 சதவீதத்துக்கு இறக்கிவிடும். அடியில் சேரும் நீரைச் சிறு பம்ப் ஒன்று தொடர்ந்து வெளியேற்ற வேண்டும், தேங்கிய நீரில் கரியமில வாயு கரையும்.

அடுத்து, நீராவியைச் சவ்வு வழியாக வெளியேற்றும் நாஃபியான் உலர்த்தி, அல்லது மைனஸ் 50 டிகிரிப் பனிநிலைக்குக் கொண்டுபோகும் இரண்டாம் குளிர்ப்பொறி. மைனஸ் 50இல் மிஞ்சும் நீராவி 40 பிபிஎம்முக்குள் இருக்கும். அதனால் வரும் பிழை 0.02 பிபிஎம்மைத் தொடாது. நாஃபியான் போட்டால் சிலிண்டர் காற்றையும் அதன் வழியாகவே விடுங்கள். அதன் சவ்வு கரியமில வாயுவையும் சிறிது ஊடுருவ விடும், இரண்டும் ஒரே வழியில் போனால் அந்தப் பிழை கழிந்துவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை துளிச் சோதனை செய்யுங்கள். சிலிண்டரின் உலர்காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது உலர்த்தியைத் தாண்டிய இடத்தில் ஊசியால் 0.2 மில்லி நீரை வடிகட்டிக்கு முன்னால் செலுத்தி, அது ஆவியாகித் தீரும்வரை பதிவு செய்யுங்கள். காற்று அதே சிலிண்டருடையது, ஆகவே திருத்திய எண் நேர்கோடாக நிற்க வேண்டும். வளைந்தால் அந்த வளைவிலிருந்து உங்கள் கருவிக்கான சமன்பாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

மாதாந்தர அளவுத்திருத்தமும் தினசரிச் சோதனையும்

மாதம் ஒருமுறை நான்கு சிலிண்டர்களையும் வரிசையாக, ஒவ்வொன்றும் 30 நிமிடம் ஓட்டுங்கள். முதல் 15 நிமிடத்தை விட்டுவிடுங்கள், ரெகுலேட்டருக்குள் தேங்கி நின்ற காற்று போய்ச்சேர அவ்வளவு ஆகும். இப்படி நான்கு சுற்று. முதல் சுற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

29.5 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 135 பார் இருந்தால், 20 பார் வரை பயன்படுத்தக் கிடைப்பது சுமார் 3,400 லிட்டர். ஒரு திருத்தத்துக்கு ஒரு சிலிண்டரிலிருந்து 48 லிட்டர் போகும். ஆக ஆறு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட வரும். ஆனால் இலக்குச் சிலிண்டரை நாளுக்கு இரண்டு முறை 20 நிமிடம் ஓட்டினால் 7 மாதத்தில் தீர்ந்துவிடும். அதனால் இலக்குச் சிலிண்டரை இரண்டாக வையுங்கள். ஒன்று தினமும் ஓடுவது. அதில் உள்ளூரில் கம்ப்ரஸர் வைத்து நிரப்பி, உங்கள் மேல்நிலைச் சிலிண்டர்களை வைத்து மதிப்பிட்ட காற்று போதும். மற்றது மாதம் ஒருமுறை மட்டும் ஓடி, பத்தாண்டுக்கு மேல் நிற்க வேண்டியது.

எண் பிசகும்போது யார்மேல் குற்றம் என்று இப்படிப் பிரியுங்கள். எல்லாச் சிலிண்டரும் ஒரே பக்கம் நகர்ந்தால் கருவி, அடுத்த திருத்தத்தில் சரியாகும். ஒன்று மட்டும் நகர்ந்தால் அந்தச் சிலிண்டர் அல்லது அதன் ரெகுலேட்டர். சிலிண்டர்கள் எல்லாம் சரியாக இருந்து வெளிக்காற்று மட்டும் விநோதமாக இருந்தால் இழுவைக் குழாய். கடைசியாகச் சொன்னதுதான் ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் இருப்பது, ஏனென்றால் சிலிண்டர் காற்று அந்தக் குழாய் வழியாக வருவதே இல்லை. வருடம் ஒருமுறை ஒரு சிலிண்டரைக் கோபுரத்தின் உச்சிக்கு ஏற்றி, குழாயின் வாயில் அதன் காற்றை வழியவிட்டு, கீழே அதே எண் வருகிறதா என்று பாருங்கள். தூக்குவதற்கு ஆள் வேண்டும், அலுப்பான வேலை. இருந்தும் செய்யுங்கள்.

குடுவை

கருவி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாரம் ஒருமுறை கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து வேறொரு நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது தனிச் சாட்சி. கருவி வாங்க வசதியில்லாத நிலையத்துக்கு இதுவே முழு வேலை. இந்தியாவில் ஹான்லே, புதுச்சேரி, போர்ட் பிளேர் மூன்றிலும் நிரப்பிய குடுவைகள் பிரான்சுக்கும், கோவாவின் கேப் ராமாவில் நிரப்பியவை ஆஸ்திரேலியாவுக்கும் போய் அளக்கப்பட்டன.

எப்போதும் இரட்டைக் குடுவை. கடற்கரையில் பிற்பகல், கடற்காற்று நிலைத்து வீசும் நேரம்தான் சரி. இரவிலும் விடிகாலையிலும் பிடித்தால் பின்புறத்து ஊரின் காற்றைத்தான் பிடிப்பீர்கள். நீங்களும், வண்டியும், ஜெனரேட்டரும் காற்று போகும் பக்கம் இருக்க வேண்டும். பம்ப் பெட்டியின் உறிஞ்சுமுனையைக் கம்பத்தில் ஏற்றி, இரண்டு குடுவைகளையும் தொடராக இணைத்து, 5 முதல் 10 நிமிடம் காற்றை ஓடவிடுங்கள். பிறகு வெளிவழியை மூடி, வெளியழுத்தத்தைவிடச் சற்று அதிகம் ஏறியதும் குழாய்களைத் திருகி மூடுங்கள். உள்ளே அழுத்தம் கூடுதலாக இருந்தால், வழியில் லேசாகக் கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே புகாது.

முன்பே காற்றை உறிஞ்சி வெறுமையாக்கிய வெற்றிடக் குடுவை முறையில் கையாலேயே திறக்க வேண்டும். சில ஆழ்ந்த மூச்சு எடுத்து, மூச்சை அடக்கி, காற்று வரும் திசையை நோக்கி நடந்து போய், கையை நீட்டிக் குழாயைத் திறந்து மூடிவிட்டுத்தான் மூச்சுவிட வேண்டும். மிகைப்படுத்தல் அல்ல: இரண்டரை லிட்டர் குடுவைக்குள் உங்கள் மூச்சு ஒரு மில்லி போனாலே 16 பிபிஎம் ஏறிவிடும்.

அளந்த பின் இணையிலுள்ள இரண்டு குடுவைக்கும் 0.5 பிபிஎம்முக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நோவா அந்த இணையையே ஒதுக்கிவிடுகிறது. ஈரக் காற்றை அப்படியே அடைத்தால் சுவரில் படியும் நீரோடு கரியமில வாயுவின் ஆக்சிஜன் இடம் மாறி, ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவீடு வீணாகும். மக்னீசியம் பெர்குளோரேட் போட்டு உலர்த்துவோர் அது நனைந்து கட்டியாகிக் காற்றோட்டத்தை அடைக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். எரியூட்டும் வேதிப்பொருள் என்பதால் அதை விமானத்தில் சாதாரணப் பொட்டலமாக அனுப்பவும் முடியாது.

பதிவு, நேரம், தரவு

பதிவு செய்வது எளிது. நாட்டின் வானிலைத் துறைத் தலைவர்தான் பெரும்பாலும் உலக வானிலை அமைப்பில் அந்நாட்டின் நிரந்தரப் பிரதிநிதி. அவர் வழியாக விண்ணப்பித்து மூன்றெழுத்துக் குறியீடு பெறுங்கள். தரவு போய்ச் சேருமிடம், ஜப்பான் வானிலை முகமை 1990 முதல் டோக்கியோவில் நடத்தும் உலகப் பசுங்குடில் வாயுத் தரவு மையம்.

எல்லா நேரமும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இதில் ஒரு தனிச் சிக்கல். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். உள்ளூர் நேரப்படி 10 முதல் 11 வரை எடுத்த மணிச் சராசரி, யூடிசியில் 4.30 முதல் 5.30 வரை வந்து நிற்கும். மணிக்கோட்டோடு அது பொருந்தாது, நேரத்தை மட்டும் மாற்றி எழுதியும் சரிசெய்ய முடியாது. கருவியின் கணினிக் கடிகாரத்தையே முதல் நாளிலிருந்து யூடிசியில் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. இல்லாவிட்டால் நிமிடத் தரவிலிருந்து திரும்பச் சராசரி எடுக்க வேண்டும்.

மீன்பிடிப் படகின் டீசல் புகை, குப்பை எரிப்பது, பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் எல்லாம் தரவில் கூர்முனைகளாக வரும். கார்பன் மோனாக்சைடையும் அளக்கும் கருவியாக இருந்தால் இரண்டும் சேர்ந்து எகிறுவதை வைத்து எரிப்பு என்று கண்டுகொள்ளலாம். மௌனா லோவாவில் அடுத்தடுத்த மணிச் சராசரிகள் 0.25 பிபிஎம்முக்கு மேல் மாறினால் பின்னணிக் காற்று (பக்கத்து மூலங்கள் கலக்காத காற்று) அல்ல என்று குறிக்கிறார்கள். அந்த எண்ணைக் கடற்கரைக்கு அப்படியே கொண்டுவந்தால் தரவில் பாதி போய்விடும், உங்கள் இடத்துக்குக் காற்றின் திசையையும் நேரத்தையும் வைத்து விதி எழுதுங்கள். எதையும் அழிக்காதீர்கள், கொடி (அடையாளக் குறி) மட்டும் போடுங்கள். இல்லாத தரவுக்கு ஒருபோதும் பூஜ்ஜியம் எழுதாதீர்கள்.

மற்றவர்களோடு ஒப்பிடுவதும் அளவுகோல் மாறும் நாளும்

மதிப்பு சொல்லாமல் சுற்றிவரும் சிலிண்டர்களை நோவா வெவ்வேறு நாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறது. வந்ததும் வழக்கமாக அளப்பது போலவே அளந்து எண்ணை அனுப்புங்கள். விசேஷக் கவனிப்போடு பத்து முறை அளந்து சராசரி அனுப்பினால் முடிவு அழகாக வரும், ஆனால் அது உங்கள் தினசரித் தரவைப் பற்றி எதையும் சொல்லாது. சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் கரியமில வாயு, மீத்தேன், கார்பன் மோனாக்சைடுக்கான உலக அளவுத்திருத்த மையமாக இருந்து நிலையங்களுக்கே வந்து தணிக்கை செய்கிறது. 0.3 பிபிஎம் தள்ளி இருப்பது தெரியவந்தால் அந்த 0.3ஐப் பழைய தரவிலிருந்து கழித்துவிட்டு நகராதீர்கள். எந்தச் சிலிண்டரில், எந்த நாளிலிருந்து பிசகியது என்று கண்டுபிடித்த பிறகே திருத்தம்.

அளவுகோலும் அவ்வப்போது மாறும். எக்ஸ்2007இலிருந்து எக்ஸ்2019க்கு வந்தபோது 400 பிபிஎம் அருகில் எண்கள் சுமார் 0.18 பிபிஎம் ஏறின, அதாவது இலக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய மதிப்பை 1.00079ஆல் பெருக்கி 0.142ஐக் கழித்தால் புதிய மதிப்பு தோராயமாகக் கிடைக்கும். தோராயம்தான். சரியான வழி, சிலிண்டர்களுக்கு வந்த புதிய மதிப்புகளைப் போட்டுத் தொடக்க நாளிலிருந்து எல்லாத் தரவையும் மறுபடி கணக்கிடுவது. அதற்கு மூலப் பதிவுகள், சிலிண்டர் எண்கள், எந்தச் சிலிண்டர் எந்தத் தேதியில் மாட்டியது கழற்றியது என்ற குறிப்பு, உலர்த்தி மாற்றிய நாள் எல்லாம் கணினியில் இருக்க வேண்டும். மறுகணக்கு முடிந்து டோக்கியோவுக்கு அனுப்பும் கோப்பில் அளவுகோலின் பெயரையும் புதிய பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். பழைய பதிப்பை இறக்கிக்கொண்டவர்கள் இரண்டையும் கலந்துவிடாமல் இருக்க அதுதான் வழி.